எருமைகள் குடித்த அந்நியச் செலாவணி

கண்ணையனின் எருமைகள் ஏழும் நாட்டின் அந்நியச் செலாவணியைக் குடித்துக்கொண்டிருக்கின்றன என்கிற செய்தி, மே மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. தெரிவிக்க இரண்டு ஜீப் வந்தன. முதல் ஜீப்பில் அதிகாரிகள். இரண்டாவதில் ஓட்டுநரைத் தவிர ஆள் இல்லை, பேனர் ஒன்று சொகுசாகப் படுத்திருந்தது.

கண்ணையன் என் பக்கத்து வீட்டுக்காரர். சவூதியில் தம்மாம் நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலின் பால் சமையற்கட்டில் பதினான்கு வருஷம் வெந்துவிட்டு வந்தவர். வந்த கையோடு எங்கள் ஓடைப்புதூரில் ஒரு கொட்டகை போட்டார். சொந்த எருமைப் பாலும் ஊரில் வாங்கியதுமாகத் தினமும் முந்நூறு லிட்டரைக் கொதிக்க வைத்து, எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றித் திரித்து, துணியில் கட்டிக் கல்லேற்றிப் பன்னீர் செய்வார். பன்னீர் முழுவதும் லப்பைக்குடிக்காட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷாகுல் அமீதுக்குப் போய்விடும். மிஞ்சுகிற பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் இருநூற்றைம்பது லிட்டர், எதிரே இருக்கிற எருமைகளின் தொட்டிக்குப் போகும். எருமைகள் குடிக்கும். பால் கறக்கும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

ஒரே ஒரு சிக்கல், எதிரே என்று சொன்னேனே, அந்த எதிர்ப்பக்கம் அரியலூர் மாவட்டம். கொட்டகை பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு வண்டிப்பாதை. இந்த இரண்டு மாவட்டத்தையும் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணையன் குடும்பத்து எருமைகள் நின்ற இடத்திலேயே மாவட்டம் மாறின. கறவையில் ஒரு உழக்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வந்தவர் கலைவாணன், தெளிநீர்ப் புரத ஏற்றுமதி ஊக்குவிப்பு ஆணையத்தின் மண்டல இயக்குநர். பன்னீர் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீருக்கு ஆணையம் வைத்திருக்கும் பெயர்தான் தெளிநீர். ஊரார் அந்த ஆணையத்துக்குத் தண்ணி ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். பேனரைக் கட்டி முடிக்கும்வரை அவர் பேசவில்லை. கட்டியதும் அதற்கு முன்னால் போய் நின்றார்.

"மிஸ்டர் கண்ணையன், உலகமே புரதத்துக்கு ஏங்கிக்கிட்டு இருக்கு. ஜனத்தொகையவிட மாட்டுத்தொகை அதிகமா இருக்கிற ஒரு தீவு நாடு, இந்தத் தண்ணியக் காய வச்சுப் பொடியாக்கி, டப்பாவுல அடைச்சு, நம்ம ஊரு ஜிம்முப் பசங்ககிட்டயே விக்கிறான். நாம திருப்பி அடிக்கப் போறோம். நீங்க இனிமே பன்னீர்க்காரர் இல்ல. ஏற்றுமதியாளர், முதல் நிலை."

"சரிங்க சார்," என்றார் கண்ணையன். "காய வைக்கிற மிஷினு எங்கங்க இருக்குது?"

"அதுக்கு அலங்கார வளைவு கட்டியாச்சு."

பக்கத்தில் ஒரு பெண், ஆர்த்தி, கையில் பரிசோதனைக் குழாயோடு நின்றாள். பால் தொழில்நுட்பம் படித்துவிட்டு அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்ததால் அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது.

"சார், பாலக் கொதிக்க வச்சுத் திரிக்கிறதால புரதம் முக்காலும் பன்னீரோடயே போயிடுது. இந்தத் தண்ணியில ஒண்ணும் பெருசா இருக்காது. சீஸ் பண்றப்ப வர்ற தண்ணி வேற, இது வேற."

கலைவாணன் அவளைக் கருணையோடு பார்த்தார். "ஆர்த்தி, தண்ணியப் பாத்து யாரும் இலக்குப் போடல. இலக்கு மேல இருந்து வருது. தண்ணிதான் அதுக்குத் தகுந்தாப்புல நடந்துக்கணும்."

அன்றே நாற்பது லிட்டர் கேன்கள் இறங்கின. தினமும் தெளிநீரை அதில் நிரப்ப வேண்டும். ஆணையத்தின் ஆள் வந்து மூடியில் கம்பி கட்டி ஈய முத்திரை போடுவார். ஆணையத்தின் டேங்கர் வந்து எடுத்துக்கொண்டு போகும். அதுவரை எந்த விலங்கும் அதை முகரக்கூடாது. கண்ணையனின் மனைவி ஜெயலட்சுமி, "டேங்கர் என்னைக்குங்க வரும்?" என்று கேட்டாள். "வரும்" என்றார்கள். இலக்கணப்படி முழுமையான வாக்கியம்தான்.

மூன்றாம் நாள் கேன்கள் உப்பின. ஐந்தாம் நாள் ஒரு மூடி பறந்து அடுத்த மாவட்டத்தில் போய் விழுந்தது. மாவட்டம் பத்தடி தூரத்தில்தான் இருந்தது என்றாலும் எனக்கு அதை இப்படிச் சொல்வதே பிடித்திருக்கிறது. ஏழாம் நாளிலிருந்து எங்கள் ஊர் நிறுத்தம் வந்தால் கண்டக்டர் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடித் தூங்குகிறவர்களும் தாமாகவே எழுந்து இறங்கினார்கள்.

அந்தத் தண்ணீர் கிடைக்காத எருமைகள் கறவையைக் குறைத்தன. கண்ணையன் பெரம்பலூருக்குப் புறப்பட்டார். பொழுது போகாத நானும் கூடப் போனேன்.

நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் ஆபீஸ். நாங்கள் நுழைந்தபோது மணி பத்தரை. எல்லாரும் எழுந்து நின்று, வலது கையை மடக்கிப் புஜத்தை உயர்த்தி, உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நான் புரதத்தால் ஆனவன். ஒரு துளிப் புரதமும் வீணாய் ஒழுக விடமாட்டேன்." கண்காணிப்பாளர் பஞ்சநாதன் ஓய்வுபெற ஏழு மாதமே இருந்தவர். அவர் உயர்த்திய இடத்தில் சட்டைக்கை மட்டும் இருந்தது. நாங்களும் புஜத்தை உயர்த்தினோம், வேறு வழி இல்லை.

நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய டப்பா, மல்லிகைச் சரம் போட்டு வைத்திருந்தார்கள். "இதுதான் நம்ம எதிர்காலப் பொடி" என்றார் பஞ்சநாதன். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நம் எதிர்காலம் அந்தத் தீவு நாட்டில் தயாராகி, ஆன்லைனில் வந்திருந்தது.

டேங்கரைப் பற்றிக் கேட்டோம். "கேன் எங்க லிமிட்டு. டேங்கர் அரியலூர் லிமிட்டு. அங்க போங்க" என்றார். அரியலூருக்குப் போனோம். "டேங்கர் இங்கதான் நிக்குது. ஃபைலு அங்கல்ல இருக்குது" என்றார்கள். டேங்கரைப் பார்க்க மட்டும் அனுமதி தந்தார்கள். புத்தம்புது டேங்கர், ஓட்டுநர் பணியிடம் இன்னும் ஒப்புதலாகவில்லை. மேலே காவலாளியின் சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் திரும்பி வருவதற்குள் குற்றம் நடந்துவிட்டது. ஏழு எருமைகளில் சிங்காரி கொஞ்சம் சுயமரியாதைக்காரி. கயிற்றை அறுத்துக்கொண்டு பாதையைத் தாண்டி, அன்றைக்குப் பிழிந்து அண்டாவில் வைத்திருந்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத் தன் மாவட்டத்துக்குத் திரும்பியிருந்தாள். முத்திரை போட வந்த ஆள் அவள் மோவாய் ஈரமாக இருப்பதைக் கண்டான். ஒரு மணி நேரத்தில் இரண்டு ஜீப்பும் வந்தன. இப்போதும் இரண்டாவதில் பேனர் இருந்தது. மோவாயை அளந்து, ஈரத்தைப் பஞ்சில் ஒற்றி எடுத்து, மகசர் எழுதினார்கள். எருமை வாக்குமூலம் அளிக்க மறுத்ததாக அதில் ஒரு வரி இருக்கிறது. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஆகவே அது உண்மை.

சிங்காரியை அங்கேயே ஜப்தி செய்து ஓட்டிக்கொண்டு போனார்கள். தொழுவம் எதுவும் ஆணையத்திடம் இல்லாததால், மூன்று கிலோமீட்டர் தள்ளி, வராத தொழிற்சாலையின் அலங்கார வளைவுத் தூணில் கட்டினார்கள். கண்ணையனிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். அயல்நாட்டுக்குரிய பொருளை உள்நாட்டு விலங்குக்கு அளித்தது, உரிமமின்றி ஏற்றுமதி செய்தது ஆகிய குற்றங்களுக்காக இருபதாம் தேதி கொட்டகைக்குச் சீல்.

கண்ணையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினாலு வருஷம் ஜெயா. அந்தக் கொட்டகையில ஒவ்வொரு தகரமும் ஒரு ரமலான் மாசம்."

ஜெயலட்சுமி தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் எதையாவது அப்படி மடித்துச் செருகினால் நான் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கம்.

பதினாறாம் தேதி விசாரணைக்கு அவளும் வந்தாள். இயக்குநர் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். மேசைமேல் கிடந்த ஆண்டறிக்கையை அவள் புரட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. எனக்குக் காட்டினாள். "இவ்வாண்டு ஏற்றுமதி: நாளொன்றுக்கு 250 லிட்டர். உற்பத்தி மையம்: பெரம்பலூர். இறக்குமதிச் சந்தை: அரியலூர். நுகர்வோர் திருப்தி: நூறு சதவீதம்." பக்கத்தில் கலைவாணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அழைத்தார்கள். இயக்குநர் அறை பெரியது. ஏசி, சோபா, கம்பளம், சுவர் முழுக்கப் புஜங்களின் படம்.

"உரிமமில்லாம ஏற்றுமதிங்கிறீங்களே சார்," என்றாள் ஜெயலட்சுமி, "எருமைக்கு ஊத்துனது எப்படிங்க ஏற்றுமதி?"

"ஒரு நிர்வாக எல்லையத் தாண்டினா ஏற்றுமதிதாம்மா. எங்க சட்டத்துல கடல் வேணும்னு எங்கயும் சொல்லல."

"இந்தப் புஸ்தகத்துல இருபத்திரெண்டாம் பக்கத்துல போட்டுருக்கிறது எங்க எருமைதானுங்களே."

கலைவாணன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "ஆமா. நல்ல எருமை. ஆனா அது சாதனைப் பிரிவு. இது குற்றப் பிரிவு. ரெண்டு பிரிவும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறது இல்ல. பேச ஆரம்பிச்சா ஆபீஸ் எப்படி நடக்கும்?"

"அப்ப சீல் வைக்கிறது நிச்சயங்களா?"

"உங்க நல்லதுக்குத்தான். இந்த வருஷம் மூணு யூனிட்டுக்குச் சீல் வச்சாத்தான், இங்க யூனிட்டு இருந்ததுங்கிறதுக்கே ஆதாரம் கிடைக்கும்."

ஜெயலட்சுமி எழுந்தாள். "உங்க விதிப் புஸ்தகம் ஒண்ணு குடுங்க சார். படிச்சுத் திருந்திக்கிறோம்."

கலைவாணனுக்கு அன்று மனம் குளிர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டே கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் படித்துக்கொண்டே வந்தாள். குன்னம் தாண்டியதும் சிரித்தாள். விதி முப்பத்தொன்று. மேல்முறையீடு செய்கிறவர், சர்ச்சைக்குரிய தெளிநீரை முத்திரையோடு மண்டல இயக்குநரின் அறையிலேயே ஒப்படைக்கலாம். யாரும் மாற்றிவிடாதபடி, தீர்ப்பு வரும்வரை அது அவருடைய நேரடிப் பார்வையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேனும் தனி மேல்முறையீடு. ஆணையத்தின் காவலில் முத்திரை உடைந்தால், எல்லா மேல்முறையீடும் ஏற்கப்பட்டதாகும். இந்த விதியை எழுதியவர்கள், தங்களை எதிர்த்து ஒருவன் மேல்முறையீடு செய்வான் என்று கனவிலும் நினைக்காதவர்கள் என்பது அதன் அழகிலேயே தெரிந்தது.

"ஏ புள்ள, வேணாம். அவரு பெரிய ஆபீசரு," என்றார் கண்ணையன்.

"அதான் பெரிய ரூமாக் குடுத்துருக்காங்க."

செட்டிகுளத்திலிருந்து மீன்சுருட்டி வரைக்கும் பதினோரு பன்னீர்க் கொட்டகைகள். எல்லா இடத்திலும் உப்பிய கேன்கள், வராத டேங்கர். ஜெயலட்சுமி ஒரு மாலை முழுக்கப் போன் பேசினாள். பதினேழாம் தேதி காலையில் ஷாகுல் அமீது தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார்.

"யா அல்லாஹ். இத ஏத்துனா இனிமே இந்த வண்டியில பிரியாணி போவாது தங்கச்சி."

"கழுவித் தரேன் பாய். நீங்க ஒரு அஞ்சு நடை அடிங்க."

"அஞ்சு என்ன, ஐம்பது அடிக்கிறேன். போன வாரம் என் கடையில வந்து, பன்னீர்ல தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்குது, அது அரசாங்கச் சொத்துன்னான் ஒருத்தன். அவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

நூற்று நாற்பத்து மூன்று கேன்கள் இரண்டாம் மாடிக்கு ஏறின. நூற்று நாற்பத்து மூன்று மனுக்கள். பஞ்சநாதன் ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை எழுதி முத்திரை குத்தினார். மாலைக்குள் அவர் வலது புஜம் வீங்கி, உறுதிமொழிக்குப் பொருத்தமாக வந்துவிட்டது. கலைவாணன் தடுத்துப் பார்த்தார். ஜெயலட்சுமி அவர் கையெழுத்துப் போட்ட புத்தகத்தையே விரித்துக் காட்டினாள். சோபா வெளியே போனது. கம்பளம் மறைந்தது. இயக்குநருக்கும் கதவுக்கும் நடுவே ஒருக்களித்து நடக்கிற வழி ஒன்று மிஞ்சியது.

ஏசியைப் பதினாறில் வைத்தார்கள். மே மாதத்துப் பெரம்பலூரில் மின்சாரமும் ஒரு மனிதப் பிறவிதானே, நடுவில் இளைப்பாறும். பதினெட்டாம் தேதி மதியம் கேன்கள் சீறத் தொடங்கின. முதலில் ஒன்று. அதைக் கேட்டு மற்றதெல்லாம்.

ஒரு முத்திரை உடைந்தால் எல்லாம் போச்சு. கலைவாணன் உடனே ஒரு சுற்றறிக்கை போட்டார். மூடி அமர்வுப் பணி. அலுவலர் ஒவ்வொருவரும் மூன்று கேன்களுக்குப் பொறுப்பு. ஒன்றின்மேல் உட்கார வேண்டும், இன்னொன்றில் கால் வைக்க வேண்டும், மூன்றாவதைக் கையால் அழுத்த வேண்டும். சிறுநீர் கழிக்க மாற்றாள் கோரும் படிவம் தனியாக அச்சாகியிருந்தது. கோப்புகளையும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த ஆபீஸில் எல்லாரும் தத்தம் இருக்கையில் இருந்த ஒரே நாள் அது என்று டீக்கடைக்காரர் சொல்கிறார்.

பத்தொன்பதாம் தேதி காலையில் டில்லியிலிருந்து ஆணையத்தின் தலைவர் வந்தார். ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு, அரியலூர்ச் சந்தையை நேரில் பார்க்க வந்திருந்தார். கூடவே அந்தத் தீவு நாட்டிலிருந்து ஒரு நிபுணர், வெள்ளைச் சட்டையில். வழக்கின் நிலவரம் கேட்க வந்திருந்த நாங்கள் அவர்களுக்குப் பின்னாலேயே நுழைந்தோம்.

கதவு திறந்தது. கலைவாணன் ஒரு கேன்மேல் அமர்ந்து, இரு கால்களையும் இரண்டு கேன்மேல் ஊன்றி, இரு கைகளாலும் மேலும் இரண்டை அமுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே கேன் ஏதோ முணுமுணுத்தது. தலைவர் கையை நீட்டினார். மேலதிகாரி வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி எண் இரண்டு. முப்பத்தொன்றைவிட இரண்டு சிறிய எண்தானே, முதலில் அதுதான் ஞாபகம் வந்தது போல.

எழுந்தார்.

நடந்ததை முழுவதும் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். ஆகவே ஒன்று மட்டும் சொல்கிறேன், மின்விசிறியிலிருந்து கடைசிச் சொட்டு விழ நாற்பது நிமிஷம் ஆனது. இருபத்தாறு மூடிகள் போயின. தலைவரின் மூக்குக்கண்ணாடியைப் பஞ்சநாதன் மறுநாள் ஜன்னல் திட்டில் கண்டெடுத்தார்.

நிபுணர் கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். ஆர்த்தியிடம் என்னவோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றார் தலைவர்.

"இதுல புரதம் ஒண்ணும் இல்ல, எங்க ஊர்ல இத மாட்டுக்கு ஊத்திடுவோம்னு சொல்றார் சார்."

"அப்ப அரியலூர்ல இத இறக்குமதி பண்றது யாரு?"

"எருமை சார்," என்றாள் ஆர்த்தி. "ஏழு."

தப்பான கணக்கு அரசாங்கத்துக்குப் போய்விடக் கூடாதே என்று கண்ணையன் பதறிவிட்டார். "இப்ப ஆறுங்க சார். ஒண்ண இவங்க ஜப்தி பண்ணிட்டாங்க."

முத்திரை உடைந்ததால் எல்லா மேல்முறையீடும் ஏற்கப்பட்டன. தலைவர் நனைந்த தாளிலேயே உத்தரவு எழுதினார். கொட்டகைக்குச் சீல் இல்லை. இந்தத் தண்ணீர் ஏற்றுமதிக்கு உரியதல்ல, எருமைக்கே உரியது. ஜப்தி செய்த எருமையை மண்டல இயக்குநர் நேரில் போய் ஒப்படைக்க வேண்டும். மிச்சமுள்ள நூற்றுப் பதினேழு கேன்களையும் அவரே அப்புறப்படுத்த வேண்டும், இன்றே.

மாலை நாலு மணிக்குக் கலைவாணன் சிங்காரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டிப்பாதையில் வந்தார். மூன்று கிலோமீட்டரும் யார் யாரை நடத்திக்கொண்டு வந்தார்கள் என்று பார்த்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பின்னால் லாரியில் கேன்கள். செட்டிகுளத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். மீன்சுருட்டியில் லாரியை ஊருக்குள்ளேயே விடவில்லை. ஓடையில் கொட்டப் போனால் மாசுக்கட்டுப்பாட்டு ஆள் நிற்கிறார்.

"அம்மா," என்றார், "உத்தரவுல எருமைக்கு உரியதுன்னு இருக்கு. உங்க தொட்டியில ஊத்திடட்டுமா?"

"தாராளமா ஊத்துங்க சார். நீங்களே ஊத்துங்க. அந்தப் பக்கம் ஊத்த எங்களுக்கு லைசென்ஸ் இல்லீங்க."

அவரே முதல் கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாவட்ட எல்லையைத் தாண்டினார். தொட்டியில் கவிழ்த்தார். இரண்டு வாரத்துப் புளிப்பு. ஏழு எருமைகளும் வந்து முகர்ந்தன. ஏழும் தலையைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தன. சிங்காரி மட்டும் ஒரு தும்மல் போட்டாள், அதில் பெரும்பகுதி சரியான இடத்தில்தான் விழுந்தது.

"குடிக்கலியேம்மா."

"புளிச்சுப் போச்சுங்க சார். கெட்டுப்போனத அதுங்க தொடாது." ஜெயலட்சுமி கொட்டகைக்குள் போய் ஒரு தேங்காய்நார்ப் பிரஷைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "தொட்டியக் கழுவிக் குடுத்துடுங்க. காலையில பிழிஞ்ச தண்ணி எடுத்தாறேன். ரெண்டு வாரமாத் தொண்ட காஞ்சு நிக்குதுங்க."

கண்ணையன் உதவிக்குப் போகப் பார்த்தார். "நீங்க உக்காருங்க," என்றாள் அவள்.

கலைவாணன் லாரியைப் பார்த்தார். அதில் இன்னும் நூற்றுப் பதினாறு கேன்கள் சீறிக்கொண்டிருந்தன. பிறகு முழுக்கைச் சட்டையை முழங்கைக்குமேல் சுருட்டிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கித் தேய்க்க ஆரம்பித்தார். அடிப்பக்கம் இன்னும் வழுக்குகிறது என்று அவள் சொன்னாள். மறுபடி தேய்த்தார்.